லொறிக்கும் நோய்நாடல் வேண்டும்

(வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அந்நெறி மனித உடம்புக்கு மாத்திரமன்று, வழியில் நின்றுபோன லொறிக்கும் பொருந்தும்.

பழைய பெட்போட் பெற்றோல் லொறியை உதாரணமாகக் கொள்வோம். அது நின்றதும் கொயிலை மாற்று என்பார் ஒருவர். பிளக்கை மாற்று என்பார் இன்னொருவர். பணம் கரையும், நோய் இருந்தபடியே இருக்கும். ஏற்றிய மரக்கறி அழுகினால் நட்டம் கமக்காரனுக்கும் சாரதிக்குமே.

பற்றறியின் மின்சாரம் சுவிச் வழியாகக் கொயிலுக்குச் செல்கிறது. டிஸ்ரிபியூட்டரினுள்ளே பொயின்ற் திறக்கும் கணத்தில் அம்மின்சாரம் அறுபடுகிறது. அப்போது கொயிலிற் பல்லாயிரம் வோல்ற் பிறந்து, பிளக்கிற் பொறியாகப் பாய்கிறது. இவ்வழியே நாமும் ஒழுங்காகச் செல்ல வேண்டும்.

முதலிற் பற்றறி. 12 வோல்ற் பற்றறி ஓய்வாயிருக்கையில் 12.6 வோல்ற் காட்டினால் நிறைவு. 12க்குக் கீழாயின் ஏறக்குறைய வெறுமை. பற்றறி நல்லதாயிருந்தும் ஸ்ராட்டர் சோம்பினால், முனைகளிற் பூத்த உப்பையும், எஞ்சினைச் சட்டத்துடன் இணைக்கும் எர்த் பட்டியையும் பாருங்கள். பழைய ஆங்கில வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே சட்டத்துடன் இணைந்திருக்கும். அதை அறியாமற் பற்றறி பூட்டலாகாது.

அடுத்தது, இரண்டு வயர் பூட்டிய ஒரு சிறு 12 வோல்ற் பல்ப். ஒரு வயரைச் சட்டத்தில் வைத்து, சுவிச்சைப் போட்டு, மற்றதைக் கொயிலுக்கு மின்சாரம் வரும் முனையில் வையுங்கள். எரியாவிடின் குற்றம் சுவிச்சிலோ வயரிலோ உள்ளது. எரிந்தால், டிஸ்ரிபியூட்டருக்குச் செல்லும் முனைக்கு மாற்றி எஞ்சினைச் சுழற்றுங்கள். விட்டுவிட்டு எரிந்தாற் பொயின்ற் தொழிற்படுகிறது. எரிந்தபடியே நின்றாற் பொயின்ற் அழுக்கேறி இணையவில்லை. எரியவே இல்லையெனின் பொயின்ற் திறக்கவில்லை, கொண்டென்சர் உள்ளே தொட்டுக்கொண்டது, கொயிலின் உட்கம்பி அறுந்தது, இம்மூன்றில் ஒன்று.

மிகவும் ஏமாற்றும் நோய் ஒன்றுண்டு. சூடேறியதும் லொறி நிற்கும். அரைமணி ஆறியதும் ஓடும். கொயிலோ கொண்டென்சரோ சூட்டிற் சோர்வதாலும் இது வரும். குழாயிற் பெற்றோல் ஆவியாகி அடைப்பதாலும் வரும். ஆறிய பின் சோதித்தால் எல்லாம் நல்லதாகவே காட்டும். ஆகவே, நின்ற அப்பொழுதே பிளக்கிற் பொறி உண்டா என்று பாருங்கள். பொறி இல்லையேற் குற்றம் மின்சாரத்தில். உறுதியான நீலப் பொறி இருந்தாற் பெற்றோற் பக்கம் ஆராயுங்கள். பெற்றோல் ஒழுகும் இடத்திலோ, கியர் விழுந்திருக்கும்போதோ இச்சோதனையை ஒருபோதும் செய்யலாகாது.

மாரி காலத்தில் லொறி காலையில் எழும்பாவிட்டால் டிஸ்ரிபியூட்டர் மூடியின் ஈரத்தைத் துடைத்துப் பாருங்கள். செலவு ஒரு துண்டுத் துணிதான்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புதுப் பகுதிகள் கிடைப்பதரிதான அக்காலத்தில், இருந்ததைத் துடைத்து, அளந்து, திருத்திய கைகளே அவற்றை ஓட வைத்தன. அக்கைத்தொழிலை உத்தியோகத்திற் குறைந்ததென்று வாலிபர் எண்ணலாகாது.

ஆயுத பூசையன்று லொறிக்குச் சந்தனமும் குங்குமமும் சாத்துகிறோம். ஏனைய நாட்களில் அதன் குறையைப் பொறுமையுடன் ஆராய்வதும் அப்பூசையின் தொடர்ச்சியே.