பிள்ளை படிப்பதற்கு இடம் எங்கே?

(கொட்டாஞ்சேனையில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



கல்வியைப் பற்றிப் பேசும் மேடைகளுக்கு இந்நாட்டிற் குறைவில்லை. பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுகின்றோம். பரீட்சைப் பெறுபேற்றைப் பற்றிப் பேசுகின்றோம். ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றி அமைச்சருக்கு மனு அனுப்புகின்றோம். இவையெல்லாம் வேண்டியனவே. ஆயினும், பிள்ளை எங்கே அமர்ந்து படிக்கின்றது என்னும் எளிய கேள்வியை எவரும் எழுப்புவதாகக் காணோம். அந்த ஒரு கேள்வியை மட்டும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

மாலை 5 மணிக்கு இக்கொட்டாஞ்சேனையின் எந்த வீதியிலேனும் நடந்து பாருங்கள். ஜம்பட்டா வீதியாகுக, பொன்ஜீன் வீதியாகுக, விவேகானந்த மேடாகுக, காட்சி ஒன்றே. ஒருபுறம் பாடசாலையின் இரும்புக் கதவு பூட்டப்பட்டிருக்கும். காலை 7.30 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30 மணிக்கு முடிந்துவிடும் அக்கட்டடத்தில் அவ்வேளை புறாக்களே குடியிருக்கும். மறுபுறம் ஒடுங்கிய மாடிப்படி. அதன் அடியிற் குவிந்து கிடக்கும் செருப்புகள். மேலே தனியார் கல்வி நிலையம். நீண்ட வாங்குகளில் தோளோடு தோள் இடிபடப் பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றார்கள். கொப்பியை விரிக்கப் போதிய பலகை இல்லை. ஆசிரியர் ஒலிபெருக்கியிற் பேசுகின்றார். கேள்வி கேட்க எழுந்த பிள்ளை மீண்டும் அமர முற்பட்டால், இருந்த இடம் இராது. ஆகவே எவரும் எழுவதில்லை; கேட்பதுமில்லை.

பொதுப்பணத்தாற் கட்டப்பட்ட இடம் மாலையிற் பூட்டிக் கிடக்கின்றது. எதிர்ப்புறத்து வாங்கில் அரை முழ இடத்துக்குத் தந்தை மாதந்தோறும் பணம் கட்டுகின்றார். 1945ஆம் ஆண்டு கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இந்நாட்டுப் பிள்ளைக்கு இலவசக் கல்வி கிடைத்தது என்று பெருமையுடன் சொல்லிக் கொள்கின்றோமே, அந்த இலவசம் பிற்பகல் 1.30 மணியோடு தீர்ந்துவிடுவதை நாம் ஏன் கவனிக்கவில்லை?

“வீட்டில் இருந்து படிக்கலாமே” என்று சொல்வோர் உண்டு. எந்த வீட்டில்? 1983க்குப் பின்னரும், 1990களில் போர் கடுமையடைந்த காலத்திலும், உயிரையும் பிள்ளைகளையும் கையிற் பிடித்துக்கொண்டு வந்த குடும்பங்கள் இங்கும் வெள்ளவத்தையிலும் கிடைத்த அறைகளில் ஒண்டிக்கொண்டன. அவற்றுட் பல இன்றும் அப்படியே இருக்கின்றன. அடுப்பும் படுக்கையும் தொலைக்காட்சியும் ஒரே அறையில். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பெண், தொடர்மாடியின் படிக்கட்டில், பொது விளக்கின் கீழ் அமர்ந்து படிப்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கின்றோம். 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஆகிய பகுதிகள் நோய் காரணமாக ஊரடங்கில் முடங்கியபோது, பாடசாலை கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது என்றார்கள். பாடம் வந்தது உண்மை. பாடத்தைக் கேட்க ஒரு மூலை அவ்வீடுகளில் இருக்கவில்லை என்பதும் உண்மை.

நம்மவருக்கு இடத்தின் அருமை தெரியாததன்று. திண்ணையே நமக்குப் பள்ளிக்கூடமாயிருந்தது. காலையிற் பிள்ளைகள் மணலில் எழுதினார்கள். பகலில் வழிப்போக்கர் இளைப்பாறினர். இரவிற் புராணம் படித்தார்கள். 1848ஆம் ஆண்டு நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, திண்ணை முறையிலிருந்து வகுப்பு முறைக்கு நம்மை அழைத்துச் சென்றார். அது காலத்துக்கேற்ற முன்னேற்றம். ஆனால் வகுப்புக் கட்டடத்தை ஏற்றுக்கொண்ட நாம், ஓரிடம் பல வேலைகளுக்கு உதவும் என்ற திண்ணையின் அறிவை வழியிலே தொலைத்துவிட்டோம். கோயில் மண்டபத்தில் மட்டும் அது எஞ்சியிருக்கின்றது. பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் கட்டுவித்த நம் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குச் செல்வோர், தூண்களுக்கிடையே ஒருபால் அன்பர் தியானத்தில் இருப்பதையும் மறுபாற் சிறுவர் ஓடுவதையும் காணலாம். ஒருவரால் மற்றவருக்கு இடையூறில்லை.

நாம் படித்த பாடசாலையின் பெயர் இங்கு வேண்டாம். இலங்கையெங்கும் காணும் வகையே அது. நீண்ட மண்டபம், இடுப்பளவு அரைச்சுவர், மேலே தகரக் கூரை. ஐந்து வகுப்புகளுக்கும் நடுவே சுவர் இல்லை. முக்காலியில் நின்ற கரும்பலகைகளே எல்லை. மூன்றாம் வகுப்பின் வாய்ப்பாடு நான்காம் வகுப்பின் தேவாரத்தோடு கலக்கும். ஆசிரியர் ஒருவர் குரலை உயர்த்தினால் அடுத்தவர் அதனினும் உயர்த்துவார். மழை பெய்தால் எல்லாக் குரலும் அடங்கிவிடும். சாரல் உள்ளே அடிக்க, வாங்குகளை நடுவே இழுத்து இரண்டு வகுப்பை ஒன்றாக்குவார்கள். வயதான ஆசிரியர் ஒருவர் நடுவில் அமர்ந்து கதை சொல்வார். அவ்வாண்டிற் படித்தவற்றுள் இன்றும் நினைவிலிருப்பது அந்த மழைநாட் கதைகளே. கட்டடம் தன் விறைப்பை விட்டுக்கொடுத்த நாள்களில் நாம் நன்றாகக் கற்றோம் போலும்.

இதனால் சுவரே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடல் ஆகாது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 1960களிலும் 1970களிலும் சுவரில்லாப் பாடசாலைகளைப் பெரும் ஆர்வத்தோடு கட்டினார்கள். இரைச்சல் தாங்காமற் பல இடங்களில் மீண்டும் சுவர் எழுப்பினார்கள். வகுப்பு நடக்கும்பொழுது அறையின் பின்னணி ஓசை 35 டெசிபெலுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. துறைமுகத்துக்குக் கொள்கலன் ஏற்றிச் செல்லும் லொறிகளுக்கு இடையே வாழும் நமக்கு அவ்வளவு அமைதி கனவிலும் கிட்டாது. ஆகவே நாம் கேட்பது திறந்தவெளியுமன்று, மூடிய பெட்டியுமன்று. ஒரே கூடம் வேண்டும். அதற்குள் கூடிப் பேச ஓர் இடம், தனித்துப் படிக்க ஒரு மூலை, கைவேலைக்கு ஒரு பக்கம். தேவைக்கேற்ப அவற்றை மாற்றிக்கொள்ளும் வசதி.

கமக்காரருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மிளகாய்க் கன்று நாற்றுமேடையில் நெருக்கமாகத்தான் நிற்கும். அப்பருவத்துக்கு அது போதும். பிடுங்கி நடும்போது இடைவெளி விடாதவனை ஊர் சிரிக்கும். பருவத்துக்கொரு இடைவெளி என்பது தோட்டத்திற் சட்டம். பிள்ளைக்கும் அது பொருந்தும் என்று நம் கல்வித் திணைக்களமே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கின்றது. 1997ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி 1999 முதல் நாடு முழுவதும் ஆரம்ப வகுப்புகளில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றும் வகுக்கப்பட்டன. சிறு வகுப்பில் விளையாட்டு மிகுதி. மேலே செல்லச் செல்ல எழுத்து மிகுதி. காகிதத்தில் அருமையான ஏற்பாடு. ஆனால் நாற்பது பிள்ளைகளும் நாற்பது கதிரைகளும் அடைத்துக்கொண்ட அறையிற் பிள்ளை எங்கே விளையாடும்? சுற்றறிக்கை வந்தது, இடம் வரவில்லை.

இடத்தை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் 2003ஆம் ஆண்டு தொடங்கி, 2007இல் தமிழ்நாடு முழுவதற்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில் முதலில் செய்யப்பட்ட வேலை என்ன? பிள்ளைகளை வாங்கிலிருந்து இறக்கிப் பாயில் வட்டமாக அமர்த்தினர். ஆசிரியரும் அவர்களோடு தரையில் அமர்ந்தார். பெரியவர் உயரத்தில் இருந்த கரும்பலகை, பிள்ளையின் கைக்கு எட்டும்படி சுவரின் அடிப்பாகத்தில் நீளத் தீட்டப்பட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு. அம்முறையைக் குறைகூறியோரும் இருந்தனர். 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற வேறு திட்டம் வந்தது. பாடமுறை பற்றிய அவ்வழக்கு நமக்கு வேண்டாம். சுவரின் அடியிற் கரும்பூச்சுத் தீட்டுவதற்கு எந்த அரசாங்கத்தின் கருவூலமும் வற்றிப்போகாது என்பதே நாம் எடுத்துக்கொள்ளும் பாடம்.

தொலைவுக்குப் போவானேன்? 19ஆம் நூற்றாண்டு முதல் கொட்டாஞ்சேனையிற் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டிவரும் நல்லாயன் கன்னியரே ஒரு வழி காட்டியிருக்கின்றார்கள். மரியா மொண்டிசோரி அம்மையார் 1944இல் இத்தீவுக்கு வந்து ஆசிரியருக்குப் பயிற்சி அளித்துச் சென்றார். அதற்கு இருபது ஆண்டுகளின் பின், 1963-64இல், கொழும்புப் புனித பிரிஜட் கன்னியர் மடத்தில் மொண்டிசோரிப் பாடசாலை ஒன்றை அமைத்தவர் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. சதுர அறைகளாக வெட்டாமல், ஒரே கூரையின் கீழ் வளைந்து செல்லும் சுவர்களாற் சிறுசிறு மூலைகளை ஆக்கினார். அளவெல்லாம் பிள்ளையின் அளவு. அதே கன்னியர் சபைக்காக அவர் 1960களின் நடுப்பகுதியில் ஹன்வெல்லையில் ஒரு பண்ணைப் பாடசாலையும் கட்டினார். ஆதரவற்ற பெண்பிள்ளைகள் விவசாயம் பயிலும் இடம் அது. நகரப் பாடசாலைக்கு ஒரு வடிவம், பண்ணைப் பாடசாலைக்கு வேறொரு வடிவம். யாருக்காகக் கட்டுகின்றோம் என்று முதலிற் கேட்டுவிட்டுப் பின்னர் கோடு வரைந்தார் என்பதே செய்தி. நம் பாடசாலைகளிலோ, நெடுந்தீவுக்கும் கொழும்புக்கும் ஒரே வரைபடம்.

இது வெறும் அழகுப் பேச்சு என்று எண்ணுவோர் ஒரு கணக்கைக் கேட்கட்டும். இங்கிலாந்தின் சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 27 பாடசாலைகளின் 153 ஆரம்ப வகுப்பறைகளை ஆராய்ந்து 2015இல் முடிவு வெளியிட்டனர். ஓராண்டில் பிள்ளைகள் அடைந்த முன்னேற்றத்திற் காணப்பட்ட வேறுபாட்டில் நூற்றுக்கு 16 பங்குக்கு வகுப்பறையின் அமைப்பே காரணமாயிற்று. வெளிச்சம், காற்று, வெப்பம் ஆகியன முதலிடம் பெற்றன. இங்கிலாந்தில் குளிர் தடை. நமக்குப் புழுக்கம் தடை. மார்ச்சு மாதத்துப் பிற்பகலிற் கூரைத்தகட்டின் கீழ் இருந்து பாருங்கள், எந்தப் பெரும் பேராசிரியருக்கும் உறக்கம் வரும்.

அரசாங்கத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு வீடு செல்ல நாம் வரவில்லை. 1960-61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. பராமரிப்பும் அதன் கடமையாயிற்று. தமிழ்ப் பாடசாலைகளின் கூரைக்கும் கழிவறைக்கும் உரிய பணத்தை நாம் உரிமையோடு கேட்போம், கெஞ்சமாட்டோம். ஆனால் நம் பணம் எங்கே போகின்றது? இலண்டனிலும் தொறொன்ரோவிலும் உள்ள பழைய மாணவர் அனுப்பும் பணம் நுழைவாயில் வளைவாகின்றது. பெயர் பொறித்த கல்லாகின்றது. மூங்கில் தட்டி இருபது, சில்லுப் பூட்டிய பலகை பத்து, ஒருவர் தூக்கி நகர்த்தக்கூடிய சிறு மேசைகள் நூறு வாங்கித் தாருங்கள் என்றால், அவற்றிற் பெயர் பொறிக்க இடமில்லையே என்று தயங்குகின்றார்கள்!

மாலையிற் பாடசாலையைத் திறப்பதற்குத் தடை பல சொல்வார்கள். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் தலத்தில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின்னர் பாதுகாப்பு முக்கியம் என்பார்கள். நியாயமான அச்சம். ஆயின் இருண்ட மாடிப்படியைவிடக் காவலாளி நிற்கும் பாடசாலை பாதுகாப்பானதன்றோ? கதிரை உடையும், மின்கட்டணம் ஏறும் என்பார்கள். ஏறட்டும், பெற்றோர் பங்கிட்டுக் கொள்வோம். கட்டடம் அப்படியெல்லாம் மாறாது என்பார்கள். அதை மட்டும் எம்மால் ஏற்க முடியாது. 1983 ஜூலையில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை இந்துக் கல்லூரியும் அகதிகளுக்குப் புகலிடமாகவில்லையா? வாங்குகளை ஒதுக்கி, வகுப்பறையை உறங்குமிடமாக்கியது யார்? யாழ்ப்பாணத்துப் பரமேசுவராக் கல்லூரியின் கட்டடம் 1974இற் பல்கலைக்கழக வளாகமாக மாறவில்லையா? துன்பத்தில் ஒரே இரவிற் கட்டடத்தை மாற்றத் தெரிந்தவர்களுக்குப் பிள்ளையின் படிப்புக்காக மாற்றத் தெரியாதா?

எனவே நாம் கேட்பது மிகச் சிறிது. கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை. அதில் ஒரே ஒரு கூடம். வார நாள்களில் மாலை 4 மணி முதல் 8 மணி வரை. அது இன்னொரு டியூட்டரியாகிவிடக் கூடாது. ஊரிலுள்ள வாசிகசாலையைப் போலப் பிள்ளை தானே வந்து தானே படிக்கும் இடமாக இருக்கட்டும். தட்டி வைத்து ஒரு பக்கத்தை அமைதிக்கு ஒதுக்குவோம்; மறுபக்கத்தில் சேர்ந்து படிப்போர் பேசட்டும். சிறுவருக்குப் பாய். மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர். அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் வலயக் கல்விப் பணிப்பாளரிடம் அனுமதி பெறவேண்டும். அதற்கான கடிதம் இம்மேசை மேல் இருக்கின்றது. கையெழுத்திடாமல் எவரும் வெளியேற வேண்டாம்.

கூடத்தின் திறப்பை யார் வைத்திருப்பது என்று கடைசியில் ஒரு கேள்வி வரும். இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் அங்கேதான் நின்றுவிடுகின்றன. கிழமைக்கு ஒருவராக ஐந்து பெயர் வேண்டும். முதற்கிழமைக்கு நம் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.