நெருப்புக்குச்சிகள் ஆடிய கூத்து



வளையாபதி என்றொரு காப்பியம் இருந்தது. இன்று நமக்குக் கிடைப்பவை அதன் 72 பாடல்கள் மட்டுமே. இப்படிப் போனவற்றையெல்லாம் தேடித்தேடி மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு நூலே எழுதினார். ஓலையைச் செல் தின்றது போலப் படச்சுருளை நெருப்பும் ஈரமும் தின்றன. அப்படிப்பட்ட பழைய கார்ட்டூன் படங்களைப் பற்றியும் அவற்றைச் செய்தவர்களைப் பற்றியும் இன்று பேசலாம் என்றிருக்கிறேன். இலக்கிய நிகழ்ச்சியில் கார்ட்டூனா என்று கேட்பீர்கள். கதை சொல்பவன் எழுத்தாணியால் சொன்னால் என்ன, கத்தரிக்கோலால் சொன்னால் என்ன?

தாதாசாகிப் பால்கே என்றதும் 1913இல் வந்த 'ராஜா ஹரிச்சந்திரா'வைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன் அவர் செய்த காரியமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1912இல் இலண்டன் போய்த் தொழில் கற்று, கமராவும் வாங்கியவரிடம் படம் எடுக்கப் பணம் இல்லை. ஒரு சட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார். அது முளைத்து, இலைவிட்டு, கொடியாவதை ஒரு மாதத்துக்கு மேல் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். திரையில் அந்தக் கொடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்றது. அதைக் கண்ட பிறகுதான் கடன் கொடுக்க ஆள் முன்வந்தார். எங்கள் புசல்லாவைப் பக்கத்தில் லயத்துக்குப் பின்னால் போஞ்சி நட்டு, காலையும் மாலையும் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கொடி ஏறியிருப்பதைக் காண்பார்கள். ஏறுவதைக் கண்டவர் யார்?

1915இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பால்கே நெருப்புக்குச்சிகளையே நடிகர்களாக்கினார். குச்சியை ஒரு நூலளவு நகர்த்த வேண்டும். ஒரு படம் பிடிக்க வேண்டும். மறுபடி நகர்த்த வேண்டும். விநாடிக்கு 16 படம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நிமிட ஆட்டத்துக்கு 960 படங்கள். பிரான்சில் எமில் கோல் என்பவர் 1908இலேயே இவ்வாறு குச்சிகளை ஆட்டிவைத்தவர். பால்கேயின் குச்சிப் படத்துக்கு இன்று பெயர் உண்டு, படம் இல்லை.

ஜேர்மனியின் லோட்டே ரைனிகர் அம்மையாரின் கதை வேறு. கறுப்பு அட்டையில் உருவங்களை வெட்டி, மூட்டுக்கு மூட்டு கம்பியால் இணைத்து, 1923 முதல் மூன்று ஆண்டுகள் உழைத்து, ஆயிரத்தோர் இரவுகள் கதைகளிலிருந்து இளவரசன் அஹ்மதின் படத்தை முடித்தார். 1926இல் திரைக்கு வந்தது. நமது தோற்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நிழல்கள் அந்நியமாகத் தோன்றா. அதன் மூலச்சுருள் 1945இல் பெர்லின் சண்டையில் அழிந்தது. ஆனாலும் இங்கிலாந்தில் ஒரு பிரதி தப்பியிருந்தது. அதைக் கொண்டுதான் பின்னாளில் படத்தை மீட்டார்கள். ஏடு பெயர்த்தெழுதிய பெயர் தெரியாத மனிதரால் நமக்குச் சங்க நூல்கள் வாய்த்தது போலத்தான் இதுவும்.

நம் தீவுக்கு நெருக்கமான கதை ஒன்றும் உண்டு. 1956இல் டிஸ்னி நிறுவனத்தில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் பம்பாய்க்கு வந்து, பிலிம்ஸ் டிவிஷனில் இளைஞர்களுக்குக் கார்ட்டூன் கலை பயிற்றினார். 1957இல் அவர்கள் வரைந்து முடித்தது ஜாதகக் கதையொன்று: கருவுற்ற பெண்மானுக்குப் பதிலாகத் தன் கழுத்தை நீட்டிய மானரசனின் கதை. அந்தப் பயிற்சியில் அன்று சேர்ந்தவர்களில் ஒருவர் ராம் மோகன். பின்னர் ஜப்பானியரான யூகோ சாகோவுடன் சேர்ந்து இராமாயணத்தையே முழுநீளக் கார்ட்டூனாக்கியவர்; 2019இல் மறைந்தார். அவருடைய இராமன் இன்றும் பார்க்கக் கிடைக்கிறான்.