அக்கறையா? அரசுப் பணமா?

நடுவர் அவர்களே! "அக்கறை இருந்தா வீடு தானா பாதுகாப்பாயிடும்"னாரு எதிரணித் தோழர். ஐயா, எங்கம்மாவுக்கு இல்லாத அக்கறையா? கூரை வீடு. மழை வந்தா அண்டா, குண்டா எல்லாம் ஒழுகுற இடத்துக்குப் போயிடும். சோறாக்கப் பாத்திரம் இருக்காது! (சிரிப்பு) கோடையிலே அடுப்புச் சாம்பல்லேயும் தண்ணி தெளிச்சிட்டுத்தான் படுப்பாங்க. அப்படியும் நாலாவது வீட்டுப் பொறி பறந்து வந்து எங்க கூரை எரிஞ்சுது. அக்கறை எங்கே குறைஞ்சது, சொல்லுங்க?

2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.5 லட்சம். அதில் 300 சதுர அடி கான்கிரீட். மீதி 60-க்கும் ஓலையோ ஆஸ்பெஸ்டாஸோ போடக்கூடாதுன்னு விதி. அந்தப் பணம் அன்னிக்கே வந்திருந்தா, ஓலையில் செருகி வெச்ச என் பத்தாவது சர்டிபிகேட் கருகியிருக்காது, ஐயா!