பழையதும் பயனற்றதும்



ஆங்கிலத்தில் ‘ஓல்டு’ என்று ஒரு சொல், ‘அப்சலீட்’ என்று ஒரு சொல். கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ‘ஓல்டு’ வயதைச் சொல்வதோடு நின்றுவிடும். ‘அப்சலீட்’ தீர்ப்பே சொல்லிவிடும்: இது இனி எதற்கும் ஆகாது என்று. அலுவலகத்தில் கால் ஒடிந்த நாற்காலியைக் ‘கண்டம்’ பண்ணுகிறார்களே, அந்தத் தீர்ப்பு. நாமோ பல நேரம் வயதைப் பார்த்தே தீர்ப்பையும் எழுதிவிடுகிறோம். அதனால் என்ன போகும் என்பதற்கு நம் கரிவலம்வந்தநல்லூரே சாட்சி.

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் பாதையில் உள்ள அந்த ஊரில் இருக்கிறது பால்வண்ணநாதர் கோயில். திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி பாடப்பெற்ற தலம். பாண்டிய மரபினர் சேர்த்துவைத்த ஏடுகள் அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனார் உ.வே.சாமிநாதையர். கோயில் பொறுப்பில் இருந்தவர் சொன்ன பதிலை ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்பது சாத்திரமாம். நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்களாம்.

கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லை. மரியாதையாகத்தான் எரித்திருக்கிறார்கள். அதுதான் நெஞ்சை அறுக்கிறது. படியெடுத்து முடித்த பிறகு, பழுதான ஏட்டை அக்கினிக்குக் கொடுத்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. இங்கே ‘பழைய’ என்ற ஒரு சொல்லே போதுமானதாகிவிட்டது.

பழைய ஏட்டைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். ஓரம் பொடிந்திருக்கும், பூச்சி துளைத்திருக்கும், எழுத்தே இல்லாததுபோல வெளிறிக் கிடக்கும். ஆனால் எழுத்தாணி கீறிய பள்ளம் அப்படியே இருக்கும். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால், வரி வரியாக எழுத்து எழும்பி வரும். இப்படிப்பட்ட ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் ஐயர் அச்சில் கொண்டுவந்தார்.

உங்கள் வீட்டுப் பரணில் ஏட்டுக்கட்டு கிடந்தால், கயிற்றை நீங்களே அவிழ்க்க வேண்டாம். ஒடிந்த துண்டுகளும் கட்டோடு இருக்கட்டும். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. பெசன்ட் நகரில் ஐயர் பெயரிலேயே ஒரு நூலகம் இருக்கிறது. சுவடி படிக்கத் தெரிந்தவர்கள் பார்க்கட்டும். ஜோசிய ஏடுதானே, வைத்தியக் குறிப்புதானே என்று அதற்குமுன் நாமாக முடிவு கட்டிவிட வேண்டாம்.