லோனார் பள்ளமும் அதன் விளிம்பு நிலமும்
(உரையின் எழுத்து வடிவம்)

மகாராஷ்டிர மாநிலத்தின் புல்டாணா மாவட்டத்தில், தக்காணத்தின் கரிய எரிமலைப் பாறைப் பரப்பின் நடுவே, ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டப் பள்ளம் ஒன்று உள்ளது. அதன் அடியில் காரத்தன்மை மிகுந்த உவர்நீர் தேங்கி நிற்கிறது. இதுவே லோனார் ஏரி.

1823ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் என்னும் ஆங்கிலேய அதிகாரி இதனைக் கண்டு குறித்துவைத்தார். சுற்றிலும் எரிமலைப் பாறையே இருந்தமையால், இது ஓர் எரிமலை வாய் என்றே பலரும் நெடுங்காலம் கருதினர். ஆனால் தக்காண எரிமலைக் குழம்பு உறைந்து ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பள்ளத்தின் வயது சுமார் 50,000 ஆண்டுகள் என்பது ஒரு கணிப்பு. 5,70,000 ஆண்டுகள் என்பது மற்றொன்று. எதனை ஏற்பினும், அக்காலத்தில் அங்கு எரிமலை ஏதும் இயங்கவில்லை.

இந்திய, அமெரிக்க அறிஞர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஐயத்தைப் போக்கியது. ஏரியின் அடித்தளத்தைத் துளையிட்டு எடுத்த நொறுங்கிய பாறைகளில், பெல்ஸ்பார் கனிமம் படிக அமைப்பை இழந்து, மாஸ்கலினைட் என்னும் கண்ணாடிப் பொருளாக மாறியிருந்தது. இம்மாற்றத்திற்குக் காற்றழுத்தத்தைப் போல் இரண்டு இலட்சம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் தேவை. எரிமலையால் இது இயலாது. விண்கல்லின் மோதலால் இயலும்.

நிலவின் கரிய சமவெளிகளும் செவ்வாய்க் கோளின் பெரும்பகுதியும் இத்தகைய பசால்ட் பாறையால் ஆனவையே. பசால்ட்டில் அமைந்து, உருக்குலையாமல் எஞ்சிய மோதற்பள்ளங்கள் பூமியில் மிகச் சில. எனவே, அங்குள்ள பழம்பள்ளங்களின் படங்களைப் புரிந்துகொள்ள லோனார் ஓர் உரைகல்லாக விளங்குகிறது.

இவ்வாராய்ச்சிக்கு ஏரியைப் போலவே விளிம்பு நிலமும் இன்றியமையாதது. மோதலில் வீசியெறியப்பட்ட கற்பாளங்களும் பொடியும் விளிம்பைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் படிந்துள்ளன. எந்தப் பொருள் எவ்வளவு தொலைவு சென்றது, எதன்மேல் எது படிந்தது என்பதை அவ்வடுக்குகளே கூறும். அவையோ வயல்களிலும் ஊரை ஒட்டிய நிலத்திலும் கிடக்கின்றன. ஏரி 2020இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. ஏரியைக் காக்கும் ஏற்பாடு மட்டும் இவ்வடுக்குகளைக் காத்துவிடாது. அஸ்திவாரத்திற்கோ சாலைக்கோ ஒருமுறை தோண்டிக் கலைத்தால், அவற்றின் வரிசையை மீண்டும் அமைக்க இயலாது.

உழவரின் வாழ்வையும் ஊரின் வளர்ச்சியையும் நிறுத்திவைக்க வேண்டுவதில்லை. அடுக்குகள் தெளிவாகத் தெரியும் சில இடங்களை வரைபடத்தில் குறித்து ஒதுக்கலாம்; பிற இடங்களில் தோண்டுமுன் நிலவியலார் பார்வையிட்டுப் பதிவு செய்யலாம். இதற்கு ஆகும் செலவு சிறிது; இழந்தபின் எச்செலவும் பயன்தராது.