பெயரும் பத்திரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "இலக்கியம் பேச இருவர் இருக்கின்றனர்; தாங்கள் ஏதேனும் பயன்படும் பொருள் பற்றிப் பேசலாமே" என்றனர். இலக்கியத்தில் எனக்குள்ள பழக்கத்தை அவர்கள் நன்கறிவர் போலும்! ஆகவே, இக்காலனியின் பல வீடுகளில் ஒருமுறையேனும் உறக்கத்தைக் கெடுத்த பொருளொன்றை எடுத்துக்கொண்டேன். ஒரே குடும்பத்தாரின் பத்திரங்களில் பெயர்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதிருப்பதே அது.

நான் கொல்லயில் ஊரினன். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், பாறசாலைக்கு அண்மையில் உள்ளது எங்கள் ஊர். களியக்காவிளை எல்லைக்குப் பேருந்தில் ஏறினால் அமர்ந்த இடம் சூடேறுமுன் இறங்கிவிடலாம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. என் பாட்டனார் பிறந்தது திருவிதாங்கூரில். தந்தையார் பிறந்தது திரு-கொச்சி இராச்சியத்தில். நான் பிறந்தது கேரளத்தில். மூவரும் பிறந்தது ஒரே வீட்டின் ஒரே அறை! எல்லைக்கோடு நிலத்தில் விழுந்ததேயன்றிப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஒருநாளும் நின்றதில்லை. அந்தத் திருமணங்களிலேதான் நம் கதை தொடங்குகிறது.

முதலில் தாலுகாவின் பெயரையே பாருங்கள். தமிழர் ஒருவர் 'நெய்யாற்றின்கரை' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 'ற்றி' என்னுமிடத்தில் 'டி, ஆர்' என்று இடுவார். இறுதியில் 'ஏ, ஐ' என முடிப்பார். மலையாளத்தில் அந்த இரட்டை றகரத்தை இரண்டு 'டி' இட்டு எழுதுவதே வழக்கம்; 'கரை' அங்கே 'கர' என முடியும். நாட்டுப்படத்தில் இருப்பது இரண்டாவது வடிவமே. ஊருக்கு இது பெரிய தொல்லையன்று. ஊர் எந்த விசா அலுவலகத்தின் வாயிலிலும் வரிசையில் நிற்பதில்லை.

மனிதர் நிற்க வேண்டியிருக்கிறது. 'தங்கம்' என்னும் பெயரைத் தமிழ்நாட்டுப் பள்ளியில் 'ஜி' இட்டு எழுதுவர். மலையாளத்தில் அதே ஒலிக்கு 'ங்க' என நாம் எழுதுவதற்கு ஒப்பான கூட்டெழுத்தே உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் அதை 'என், கே' என்று பெயர்ப்பது அங்குள்ள மரபு. 'தாசன்' என்பதற்கு ஒருவர் 'டி' மட்டும் இடுவார்; மற்றொருவர் 'டி, எச்' இடுவார். 'பாலையன்' என்பவரின் தலைப்பெழுத்து அண்ணனுக்குப் 'பி' ஆகவும், தம்பிக்கு ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தாகிய மெல்லோசைப் 'பி' ஆகவும் அமைந்துவிடும். ஒரே தந்தைக்குப் பிறந்தோர் இருவேறு தந்தையர்க்குப் பிறந்தோராய்க் காட்சியளிப்பர்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இது வேறு வடிவு கொள்ளும். எங்கள் பக்கத்துத் திருச்சபைப் பதிவேடுகளில் 'யாக்கோபு' என்றிருக்கும். தமிழ் விவிலியத்தில் ஆங்கிலத்தின் 'ஜேக்கப்', 'ஜேம்ஸ்' இரண்டுக்கும் யாக்கோபு என்பதுதான் பெயர். ஞானஸ்நானச் சீட்டை மொழிபெயர்த்தவர் ஜேக்கப் என்று எழுதுவார். பள்ளியாசிரியர் ஜேம்ஸ் என்று எழுதியிருப்பார். குற்றம் யாருடையது? இருவரும் சரியாகவே எழுதியிருக்கின்றனர்!

நிற்க. என் சொந்தக் கதைக்கு வருகிறேன். என் மனையாளின் உண்மைப் பெயரை மேடையில் கூறலாகாது என்பது அவருடைய கட்டளை. மூன்றாம் வரிசையில் அமர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆதலால் ஞானம்மாள் என்றே வைத்துக்கொள்வோம். அவர் விளவங்கோட்டுப் பக்கத்தவர். தமிழ்ப் பள்ளியில் பயின்றவர். பள்ளிச் சான்றிலும் பாஸ்போர்ட்டிலும் 'ஜி, என்' எனத் தொடங்கி 'எல்' என முடியும் பெயர் அவருடையது. 2011ஆம் ஆண்டு எங்கள் திருமணம் நடந்தது. கேரளத்தில் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி எந்தச் சமயத்தாரும் உள்ளாட்சிப் பதிவாளரிடம் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். மனுவை நிரப்பியவன் நானே. மலையாளப் பள்ளியில் படித்தவனாதலால், என் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படியே 'என், ஜே' என்று தொடங்கினேன். இறுதி 'ள்' என்பதையும் விட்டுவிட்டேன். அந்தச் சான்றைக் காட்டி என் பாஸ்போர்ட்டிலும் மனைவியின் பெயரை அவ்வாறே ஏற்றினேன். 2013இல் மகன் பிறந்தான். நான் இங்கே வேலையில் இருந்தேன். மருத்துவமனைப் படிவத்தை நிரப்பிய என் தம்பி, சமஸ்கிருதம் சிறிது கற்றவன். 'ஜே, என்' என்று எழுதிவிட்டான்.

குடும்ப விசாவுக்கு விண்ணப்பித்தேன். சில வாரங்களில் மறுப்பு வந்தது. காரணம் யாதெனில், குழந்தையின் தாய் என்று சான்று கூறும் பெண் வேறு. பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண் வேறு. விண்ணப்பதாரரின் மனைவி இன்னொரு பெண்! அன்றிரவு தொலைபேசியில் என் மனையாள், "அப்படியானால் உங்களுக்கு மூன்று மனைவியரா?" என்று கேட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்குமுன் அழுதுவிட்டார்.

கிராம அலுவலகத்தில், இம்மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சான்று தருவர். அதைப் பெற்று அனுப்பினேன். ஊரில் வங்கிக்கும் நிலவரிக்கும் பயன்பட்ட அந்தத் தாள், இங்கே என் விஷயத்தில் பயன்படவில்லை. ஆகவே பத்திரங்களையே திருத்த வேண்டியதாயிற்று. எதை எதற்கேற்பத் திருத்துவது? உறவினர் பலர் "மனைவியின் பாஸ்போர்ட்டை மாற்றிவிடு, அது ஒன்றுதானே" என்றனர். நல்லவேளையாக நான் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை மாற்றினால் அது பள்ளிச் சான்றோடு முரண்படும். பள்ளிச் சான்றோ மற்றெல்லாவற்றுக்கும் வேர். நான் கெடுத்தவற்றை நானே திருத்துவதுதான் முறை எனத் துணிந்தேன்.

1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பதிவேட்டில் உள்ள பிழையைத் திருத்தப் பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. பழைய பதிவை அழிக்காமல் ஓரத்தில் குறித்துக் கையெழுத்திடுவர். மகனின் சான்றை அங்ஙனம் திருத்தினோம். பிறகு திருமணச் சான்று. அதன்பின் தூதரகத்தின் வழியே என் பாஸ்போர்ட். ஒன்று முடியாமல் மற்றொன்றைத் தொட இயலாது. விடுமுறை கிடைக்காததால் என் மாமனார், எழுபது வயதில், எல்லைக்கு அப்பாலிருந்து பதினொரு முறை பேருந்தேறி வந்தார். 2015இல் விசா கிடைத்தது. விமான நிலையத்தில் என் மகன் என்னைப் பார்த்து "மாமா" என்றான்.

இனி, தலைப்பெழுத்தைப் பற்றிச் சிறிது. இந்தியப் பாஸ்போர்ட் தலைப்பெழுத்தை ஏற்பதில்லை, விரித்தெழுதச் சொல்லும். குடும்பப்பெயர் என்றொரு கட்டமும் அதில் உண்டு. தமிழருக்குக் குடும்பப்பெயர் ஏது? தந்தையின் பெயரை அங்கே இடுகிறோம். விளைவு என்ன? என் குடும்பப்பெயர் என் தந்தையின் பெயர். என் மகனின் குடும்பப்பெயர் என் பெயர். என் மனையாளின் குடும்பப்பெயர் என் மாமனாரின் பெயர். தலைமுறைதோறும் மாறும் குடும்பப்பெயரைக் கண்ட அயல்நாட்டு அதிகாரி மூவரையும் ஒரு குடும்பமாக எண்ணத் தயங்கினால் அவரை முழுதும் நோவதற்கில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் சிலர் மலையாள வழக்கப்படி வீட்டுப்பெயரைப் பின்னே சேர்ப்பர். அண்ணன் சேர்த்திருப்பார், தம்பி சேர்த்திருக்கமாட்டார்.

கட்டத்தை வெறுமையாக விட்டோர் பட்ட பாடு வேறு. 2022ஆம் ஆண்டு நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள், ஒற்றைப் பெயருடைய பாஸ்போர்ட்டில் வருகை விசாவோடு வருவோரை அனுமதிப்பதில்லை என அறிவித்தன. பின்னர், இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் எனத் தளர்த்தினர். இடைப்பட்ட நாட்களில் விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு திரும்பிய நம்மவர் உண்டு. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்டு, முதற்பெயர் இருக்குமிடத்தில் எஃப்.என்.யு. என்று இடுவர், முதற்பெயர் தெரியாது என்பது அதன் பொருள். பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர் நெற்றியில் இருக்க, 'தெரியாது' என்பதே ஒருவருக்கு முதற்பெயராகிறது!

இவ்வளவு கடுமை ஏன் என்று கேட்பீர்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் உண்டல்லவா? வரிக்கு 44 இடங்கள், பெயருக்கு 39. ஆங்கிலப் பேரெழுத்து இருபத்தாறன்றி வேறு எழுத்துக்கு அங்கே இடமில்லை. முன்பு கையால் எழுதிய பாஸ்போர்ட்டைக் கையால் புரட்டிய அதிகாரி, முகத்தையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்துத் தலையசைப்பதுண்டு. 2015 நவம்பர் 24ஆம் நாளோடு கையெழுத்துப் பாஸ்போர்ட்டுகளின் காலம் உலகெங்கும் முடிந்தது. இயந்திரம் 'ஞா' என்னும் ஒலியை அறியாது.

நாம் மட்டுந்தான் இவ்வாறு அல்லலுறுகிறோம் என்றும் எண்ண வேண்டா. 1985இல் இங்கிலாந்தில், கானா நாட்டுக் குடும்பத்துச் சிறுவன் ஒருவனைத் தாயின் மகன்தானா என ஐயுற்றுத் தடுத்தனர். லெஸ்டர் பல்கலைக்கழகத்து அலெக் ஜெஃப்ரீஸ் என்னும் அறிஞர் இரத்தத்தில் மரபணுவைச் சோதித்து, அவன் அத்தாயின் மகனே என நிறுவினார். பத்திரம் கைவிட்ட இடத்தில் குருதி சாட்சி சொல்லிற்று. அத்தகைய சோதனைக்கு நம்மவர் போக நேர்வதைவிட, மனுவை நிரப்பும்போது பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுவது எளிது. அதுவும் குழந்தை பிறந்த அன்று, மகிழ்ச்சியில் மிதக்கும் சிற்றப்பன்மாரிடம் படிவத்தைக் கொடுக்காதீர்கள்! என் தம்பி இதைப் படித்தால் மன்னிக்கட்டும்.

விடுமுறையில் ஊருக்குப் போவோர்க்கு ஒன்று கூறிவிடுகிறேன். போகுமுன் குடும்பத்தார் எல்லாருடைய பாஸ்போர்ட், பள்ளிச் சான்று, திருமணச் சான்று, பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்களை ஒருசேரப் பரப்பிப் பாருங்கள். தந்தை, தாய், துணைவர் பெயர்கள் அச்சிட்ட பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பலர் மறந்துவிடுவர்; அங்கேதான் முள் கிடக்கும். பிறந்த ஊரையும் பாருங்கள். 1991இல் திரிவேந்திரம் திருவனந்தபுரம் ஆயிற்று. தந்தை முன்னதிலும் மகன் பின்னதிலும் பிறந்திருப்பர்.

நேரமாகிவிட்டது, நாடகக் குழுவினர் திரைக்குப் பின்னிருந்து சைகை காட்டுகின்றனர். மண்டபத்தின் பின்புறம், காப்பி வழங்குமிடத்தருகே, ஒரு மேசையும் விளக்கும் போட்டிருக்கிறேன். பத்திரங்களைக் கொண்டுவந்திருப்போர் நாடக இடைவேளையில் அங்கு வரலாம். எழுத்துகளை ஒப்புப் பார்க்க என் மனையாளும் உடனிருப்பார். அவர் கண்ணுக்கு ஓர் எழுத்தும் தப்பாது.