லயன் என்று சொல்கிறோமே



நாம் தினமும் சொல்லும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி இன்று பேசுவோம். 'லைன்' என்ற அந்தச் சொல்லை நாம் லயன் ஆக்கினோம். பிறகு லயம் என்று நம்முடைய சொல்லாகவே மாற்றிக்கொண்டோம்.

லைன் என்றால் கோடு, வரிசை. கடையில் லைனில் நிற்கிறோம். மலையில் கங்காணி பிரித்துத் தரும் நிரையும் ஒரு வரிசைதான். சிப்பாய்களை வரிசையாகக் குடிவைத்த இடத்தை வெள்ளைக்காரர் 'லைன்ஸ்' என்றார்கள். நம் முன்னோரைத் தோட்டத்தில் குடிவைத்த வரிசைக்கும் அதே பெயரை வைத்தார்கள். துரை இருந்த இடத்துக்குப் பெயர் பங்களா. ஆகவே நாம் வாழும் இடத்தின் பெயரில் வீடு என்ற பொருளே கிடையாது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பாடசாலையில் முகவரி எழுதச் சொன்னால், பிள்ளைகள் தோட்டம், டிவிஷன், லயம் என்று எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிடுகிறார்கள். வீட்டு இலக்கத்துக்கான இடம் வெறுமையாகக் கிடக்கிறது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து யாராவது கொண்டுவரும்போது வருகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கிடைத்த பிள்ளைகளை நாம் அறிவோம். போன வேலை போனதுதான்.

7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்றார்கள். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். 7 பேர்ச்சஸ் ஏறக்குறைய 1,900 சதுர அடி. நாம் பழகிய 10க்கு 12 அடிக் காம்பரா 120 சதுர அடிதான். சந்தோஷம். ஆனால் காணி உறுதி நம் கையில் இல்லாவிட்டால், அதுவும் இடைவெளி விட்டுக் கட்டிய லயன்தான். உறுதியைக் கேட்போம். ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம் கேட்போம். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தோட்டம் என்பதால் எதுவும் செய்ய முடியாது என்று சபை நம்மைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை.

இந்த மாதம் ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேர் காம்பரா காம்பராவாகப் போய் எழுதி எடுங்கள்: எத்தனை குடும்பம், எத்தனை ஆள், உறுதி உண்டா, பிந்தி வந்த கடிதம் எது. அந்தப் பட்டியலோடு பேசப் போவோம். எழுத உதவி வேண்டியவர்கள் பின்னேரம் பாடசாலைக்கு வாருங்கள், அங்கே இருப்போம்.